லேசான வேலை

போன வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, வரக்காப்பொலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பெரியப்பாவை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

பெரியம்மா ஆள்விட்டுச் சொல்லியிருந்தார் – "டீச்சர் வரட்டும். கூட ஒரு படிச்ச புள்ள நின்னாத்தான் டாக்டருங்க மூஞ்சியப் பாத்துப் பேசுவாங்க."

பெருமையாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் எழுதப் படிக்கக் கற்ற முதல் ஆள் நான். இதை நீ முன்பே சொல்லிவிட்டாய் என்று இந்தப் பத்திரிகையின் சில வாசகர்கள் முணுமுணுப்பது கேட்கிறது... பரவாயில்லை. இன்னும் பலமுறை சொல்வேன்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். அரநாயக்கப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டத்தில் இருக்கிறார். லயத்துக் குடியிருப்பில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'பட்டாளத்தார்' என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்து யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவர்.

துப்பாக்கி தூக்கிச் சண்டை போட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சேர்ந்தது சுமை தூக்கும் பட்டாளம். கப்பலேற்றி எகிப்துப் பக்கம் கொண்டுபோனார்களாம். மணலுக்கு நடுவில் ஒரு கிடங்கு. லொறியில் வரும் இரும்புப் பீப்பாய்களை இறக்கி அடுக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. பட்டாளத்தில் கேள்வி கேட்கிற வழக்கம் இல்லையாம்.

ஒருநாள் ஒரு பீப்பாய் ஒழுகியது. பூண்டு நசுக்கினாற்போல ஒரு நெடி. பெரியப்பாவையும் சேர்த்து மூன்று பேரை மணல் அள்ளிப்போட்டுத் துடைக்கச் சொன்னார்கள். துடைத்தார்கள். அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. கழுத்திலும் கைகளிலும் கொப்புளம். சில வாரம் படுத்திருந்தார்கள். கொப்புளம் ஆறியது. மறுபடி வேலைக்கு அனுப்பினார்கள்.

பிறகு யுத்தம் முடிந்துவிட்டதென்று ரேடியோவில் சொன்னார்களாம். பெரியப்பாவின் நெஞ்சுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஊர் திரும்பியதிலிருந்து இருமல். நாலு படி ஏறினால் இளைப்பு. மழைக்காலத்தில் கண்ணிலிருந்து நீர் கொட்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் முதலில் காசம் என்றார்கள். பிறகு காசமில்லை என்றார்கள். பிறகு ஆஸ்துமா. அதற்கும் மருந்து கேட்கவில்லை. கடைசியில் ஒன்று சொன்னார்களே – அதுதான் நிலைத்தது. நடிப்பு!

"பட்டாளத்தாரு மலையக் கண்டா இருமுவாரு, சோத்தக் கண்டா இருமமாட்டாரு" என்று றப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் சிரிப்பார்கள். சின்ன வயதில் எங்கள் காதிலேயே விழும்.

நோய்க்கு ஒரு பெயர் இருந்தால் மனிதன் நோயாளி. பெயர் இல்லாவிட்டால் பொய்யன். எத்தனை வீடுகளில் இதுதான் நடக்கிறது?

ஒருமுறை கொடகவெலவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், பந்தியில் ஒரு இருமல் சத்தத்தைக் கேட்டுத் திரும்பியிருக்கிறார். அதே இருமல். எதிர் வரிசையில், அன்றைக்கு இவரோடு மணல் அள்ளிய மூவரில் ஒருவர்! அங்கே அவருடைய நோய்க்குக் குடிதான் காரணம் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த மனிதர் கள்ளைத் தொட்டதுகூட இல்லை. மூன்றாவது ஆள் இந்தியாவுக்குப் போய்விட்டார். அங்கே அவருடைய இருமலுக்கு என்ன பெயர் வைத்தார்களோ...

இத்தனை வருஷத்தில் பெரியப்பாவுக்கு உண்மையிலேயே உடம்பு முடியவில்லை என்று நம்பியது ஒரே ஓர் ஆள். பெரியம்மா.

நம்பியதோடு விடவில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒருநாள், பால் வாளியோடு சரிவில் ஏறும்போது பெரியப்பா மயங்கி விழுந்தார். அடுத்த நாளே பெரியம்மா தோட்டத்துத் துரையின் பங்களாப் பின்வாசலில் போய் நின்றார். துரை வரும்வரை நகரவில்லை. காலில் விழுந்து, தன் புருஷனுக்கு லேசான வேலை ஒன்று வேண்டும் என்று கேட்டார்.

கிடைத்தது. ஸ்மோக் ரூம்.

றப்பர் தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உறையவைத்துத் தட்டிய றப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைக்கும் அறை அது. கீழே விறகு புகைந்துகொண்டே இருக்கும். மேலே வரிசையாகக் கம்புகளில் ஷீட் தொங்கும். உள்ளே போய்த் தொங்கவிட வேண்டும், திருப்பிப்போட வேண்டும், காய்ந்ததை எடுக்க வேண்டும். அவ்வளவுதான். மலை ஏற வேண்டாம். மழையில் நனைய வேண்டாம். அட்டைக்கடி கிடையாது. தோட்டம் முழுக்க ஆசைப்படும் வேலை! பெரியம்மாவைப் பார்த்து எத்தனை பெண்கள் பொறாமைப்பட்டார்கள் தெரியுமா?

நெஞ்சு கெட்ட மனிதனைப் பிடித்துப் புகைக்குள் வைக்கிறோமே என்று... ஒருவருக்கும் தோன்றவில்லை. சரிவு ஏறினால்தான் அவருக்கு இளைக்கும். சரிவு இல்லையென்றால் சுகம். எங்கள் தோட்டத்துக் கணக்கு அப்படித்தான். லேசான வேலை என்றால் கால்களுக்கு லேசான வேலை. நுரையீரலை யார் பார்த்தது?

ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். டொக்டர் இளைஞர், சிங்களவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். பெரியப்பா பீப்பாய்க் கதையைச் சொன்னார். டொக்டர் சிரிக்கவில்லை. அதற்கே அவரைக் கும்பிடலாம் போலிருந்தது.

இப்போது என்ன வேலை என்று கேட்டார்.

"ஸ்மோக் ரூம், மாத்தயா."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பெரியம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். அவர்களுக்குப் புரிய வேண்டாம் என்ற நல்ல மனசுதான்.

உள்ளே இருப்பவை பழைய தழும்புகள் என்றார். எதனால் வந்தவை என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, பீப்பாய் விஷயம் உண்மையாக இருக்கலாம், இதையெல்லாம் தங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை என்றார். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம் – இப்படிப்பட்ட நெஞ்சை வைத்துக்கொண்டு புகைக்குள் நின்றதுதான் இந்தச் சில வருஷத்தில் அவரை இவ்வளவு தூரம் இறக்கிவிட்டது. இந்த மனிதரை அந்த வேலையில் யார் போட்டது என்று கேட்டார்.

போட்டவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கையில் சோற்றுப் பொட்டலத்தோடு.

"என்னவாம் பாப்பா?" என்றார் பெரியம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா முந்திக்கொண்டார்.

"அந்த ஸ்மோக் ரூம் வேலதான் என்னய இம்புட்டு நாளு காப்பாத்தி வச்சிருக்காம். மலையேறித் திரிஞ்சிருந்தா எப்பவோ போயிருப்பேனாம். நீ செஞ்ச புண்ணியம்னு சொல்றாரு."

பெரியம்மா டொக்டரைப் பார்த்துக் கைகூப்பினார். பாவம், அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

பட்டாளத்தில் இருந்தவருக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியாதா? நான்தான் மறந்துபோனேன்.

பஸ் ஸ்டாண்டில் பெரியம்மா பாண் வாங்க ரொட்டிக் கடைக் கியூவில் நின்றபோது பெரியப்பாவிடம் சண்டை பிடித்தேன். உண்மையைச் சொல்லி அந்த வேலையை விட்டுவிடுங்கள் என்றேன். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்றேன். அவர் இருமி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"ஊரே நடிக்கிறான்னு சொல்லுறப்ப அவ ஒருத்திதான் நம்புனா, பாப்பா. அவ கால்ல விழுந்து வாங்கிக் குடுத்த வேல அது. அதாலதான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா, அவ உசிரோட இருப்பாளா? எனக்கு இருக்கிறது எம்புட்டு நாளுன்னு எனக்குத் தெரியும். அது போற வரைக்கும் போகட்டும். நீ ஒண்ணும் பேசாத."

நான் பேசவில்லை. ஆனால் இரண்டு நாள் தூக்கமில்லை. அன்பு என்கிறோமே, அதற்காக ஒரு மனிதர் தினமும் புகைக்குள் போய் நிற்பதா? ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குக் கிளம்பினேன். பெரியம்மா அழுதாலும் சரி, சொல்லிவிடுவதென்று முடிவு.

றப்பர் ஸ்டோருக்குப் பின்னால், ஸ்மோக் ரூம் வளைவில் திரும்பும்போதே பெரியம்மாவின் குரல் கேட்டது. பெரியப்பாவை ஏசிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஷீட்டு நேராத் தொங்கவிடத் தெரியுதா? கணக்குப்பிள்ள என்னயப் புடிச்சுக் கத்துறாரு. பட்டாளத்துல இதத்தான் படிச்சீங்களா? வெளிய கெடக்குற வெறகத் தரம் பிரிங்க, போதும். உள்ள வந்தீங்க, கெட்ட கோவம் வரும்."

இரண்டு பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு போனார்கள். பெரியப்பா கதவிலிருந்து தள்ளி, பலாமரத்துக்குக் கீழே, அவமானப்பட்ட முகத்தோடு விறகு பிரித்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக இதே கதைதானாம். விடியற்காலையில் தன் பால் வெட்டு முடிந்ததும் பெரியம்மா நேராக இங்கே வந்துவிடுகிறாராம்.

நான் உள்ளே போனேன். கண் எரிந்தது. பெரியம்மா ஷீட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு ரெண்டு மூணு வார்த்த. அதுல ஒண்ணத்தான் அந்த டாக்டரு திரும்பத் திரும்பச் சொன்னாரு. ஸ்மோக்கு ஸ்மோக்குன்னு. நல்ல சேதின்னா ஏன் அவரு மூஞ்சி அப்படிப் போவுது? ஏன் ஒம் மூஞ்சி அப்படிப் போவுது?"

அடுத்த ஷீட்டுக்கு நகர்ந்தார்.

"வேல வேணாம்னு எழுதிக் குடுத்துறச் சொன்னா ஏன்னு கேப்பாரு. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் அதுவே அவருக்கு நோவாப் போயிரும். வேல அவரு பேர்லயே இருக்கட்டும். நாந்தானே கேட்டு வாங்குனேன்? நான் உள்ள நிக்கிறேன்." கம்பை நேராக்கினார். "அவருகிட்ட சொல்லிறாத, பாப்பா."

சொல்லவில்லை. இருவருக்கும் வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பக்கத்து வாசகர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து இந்த வாரம் பத்திரிகையை உரக்க வாசிக்க வேண்டாம்.

எந்தக் கிடங்கில், எந்தப் பீப்பாயில் என்ன இருந்தது? தெரிந்தவர்கள் எங்கோ இருப்பார்கள். அவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒரு பெயர் கிடைத்திருக்கும். பெயர் இருந்திருந்தால் புகை கூடாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பெரியம்மாவும் துரையிடம் வேறு வேலை கேட்டிருப்பார்...

நான் வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே இருமல் கேட்டது. பெரியப்பா கையிலிருந்த விறகோடு நிமிர்ந்தார்.

"தூசி!" என்று பெரியம்மா உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தார்.

பெரியப்பா தலையாட்டினார் – நம்பியதுபோல.