அம்மா ஆடிய வீடியோ கேம்

கம்பெனி பஸ்ஸின் பின்சீட்டில் யாரோ போனில் கேம் ஆடினார்கள். காசு விழும் 'டிங்' சத்தம் கேட்டதும், போச்சம்பள்ளியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

எனக்கு அப்போது பத்து வயது. பிறந்த சில நாட்களிலேயே தம்பி இறந்துபோனான். அம்மா சாப்பிடாமல், தூங்காமல் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். பால் கட்டிய மார்பில் ஈரத்துணி. ஒருநாள் அவளாகவே என் டிவி கேமின் ரிமோட்டை எடுத்தாள். பிறகு தினமும் ஆடினாள். ஆடும்போது மட்டும் அழவில்லை.

துக்கம் கேட்க வந்த பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"புள்ளைய மண்ணுல போட்டுட்டு ஆட்டம் கேக்குதாடி உனக்கு?"

பின்னால் அக்கம்பக்கத்தார் நின்றிருந்தார்கள். எனக்கு உடம்பே கூசியது. டிவியை அணைக்க ஓடினேன். ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்த அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடு பாப்பா, ஆடட்டும். இத ஆடறதுலருந்துதான் ஒரு வாய் சோறு துன்றா."

அம்மா மெல்ல மீண்டு, மாம்பழக்கூழ் ஃபேக்டரி வேலைக்கும் போனாள். ஆனாலும் யாராவது வந்தால் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

இப்போது எனக்கே மனசு சரியில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, பிடித்த கேம் ஏதாவது ஆடச் சொன்னார். மாமியார் பார்த்துவிடுவாரோ என்று கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மாவுக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன்.

"கதவத் தொறந்து வெச்சிக்கினே ஆடு," என்றாள்.