சிமெண்ட் மரத்தின் பொந்து

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையோரம் ஒரு சின்னப் பூங்காவில் நிற்கிறதே சிமெண்ட் மருதமரம், அது நான் செய்தது. வேலை நடக்கும்போதே பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர்களிடம் ஜன்னல் வழியே காட்டுவேன். அவர்கள் கேட்கவே மாட்டார்கள், நானாகத்தான் காட்டுவேன்.

கம்பி கட்டி, வலை சுற்றி, கலவை பூசி, ஈரம் காய்வதற்குள் பட்டையைக் கீறிக் கொண்டுவந்தேன். மிச்சம் பொந்து. என்னோடு வேலை செய்த கொத்தனார், லேசாகக் குழித்துக் கறுப்பு பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கறுப்பு அடிக்க நான் என்ன கரும்பலகையா செய்கிறேன் என்று எரிந்து விழுந்தேன். பொந்து என்றால் உள்ளே நிஜமான இருட்டு வேண்டும். ஆறு இஞ்ச் பிளாஸ்டிக் குழாயை நாலடி ஆழத்துக்கு அடிமரத்துக்குள் நட்டு வைத்துப் பூசினேன். வாயை மட்டும் பட்டை மாதிரி சொரசொரப்பாக்கினேன். உள்ளே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

திறப்புவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் மரக்கிளையில் ஒரு மைனா உட்கார்ந்து விடாமல் கத்திக்கொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நிஜ மைனா, என் மரத்தில்! படம் எடுத்து, "மைனாவே நம்பிவிட்டது" என்று எழுதி வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். செங்கோட்டையிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் பாராட்டு வந்து குவிந்தது.

பூங்கா வாசலில் ரம்புட்டான் பழம் விற்கிற அம்மாவிடமும் படத்தைக் காட்டினேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்தாள்.

"அது சந்தோசத்துல கத்தல அண்ணாச்சி. காலைல ஜோடியா வந்துச்சு. ஒண்ணு உள்ள போச்சு. இன்னும் வெளிய வரல."

கூடு கட்டும், பொறு என்றேன். சொல்லிவிட்டு மரத்தில் காதை வைத்தேன். அடியில் பிறாண்டுகிற சத்தம். கொஞ்ச நேரம் நிற்கும், திரும்பவும் பிறாண்டும்.  அந்த பிளாஸ்டிக் வழவழப்பில் எந்தக் குருவியாலும் ஏற முடியாது என்று எனக்குத் தெரியாதா? குழாயை நட்டவனே நான்தானே.

உடைத்து எடுத்துவிடுங்கள் என்றாள். மறுநாள் பத்து மணிக்கு அதிகாரிகள் வருகிறார்கள், பெயிண்டின் ஈரம்கூடக் காயவில்லை. விழா முடிந்த கையோடு உடைக்கிறேன் என்றேன். ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று சிரிக்கவும் செய்தேன். அவள் பழக்கூடை கட்டுகிற தேங்காய்நார்க் கயிற்றை எடுத்துவந்து பொந்துக்குள் விட்டு, மறுமுனையைக் கிளையில் முடிந்தாள். எனக்கும் நெஞ்சு லேசானது. பிடித்து ஏறி வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் சாரல். மைனா அதே கிளையில் நனைந்துகொண்டு கத்தியது. பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, போட்டோகிராபரும் வந்தாயிற்று. மரத்தைத் தள்ளிநின்று பார்த்தேன். பட்டையின் நிறத்துக்கு நடுவே அந்தக் கயிறு அசிங்கமாகத் தொங்கியது. பழக்கார அம்மா இன்னும் வரவில்லை. முடிச்சை அவிழ்த்து இழுத்தேன். பாதியில் கயிறு ஒரு நொடி கனத்தது. எங்கேயோ சிக்குகிறது என்று ஒரு சுண்டு சுண்டினேன். வந்துவிட்டது.

விழா ஒரு மணி வரை இழுத்தது. கிளையில் கத்துகிற மைனாவைக் காட்டி, பறவையே சான்றிதழ் கொடுத்துவிட்டது என்று ஓர் அதிகாரி மைக்கில் சொன்னார். கை தட்டினார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். சிரித்தபடி நின்றேன்.

கூட்டம் கலைந்ததும் உளியும் சுத்தியலும் எடுத்து அடிமரத்தை உடைத்தேன். குழாயை அறுத்தபோது உள்ளே சாரல் தண்ணீர் ஒரு விரற்கடை நின்றது. மைனா அதில் கிடந்தது. கையில் எடுத்தேன். உடம்பில் சூடு முழுதாக ஆறியிருக்கவில்லை. குழாயின் உள்பக்கம் முழுக்க நகக்கீறல், ஒரு சாண் உயரம் வரை. அதற்குமேல் வழவழவென்று இருந்தது. காலில் இரண்டு விரலுக்கு நடுவே ஒரு நார் சிக்கியிருந்தது. யாரும் பார்ப்பதற்குள் அதை உருவிக் கீழே போட்டேன்.

பழக்கார அம்மா வந்து நின்றாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நார்க்கயித்துல நல்லா பிடி கெடச்சிருக்குமே அண்ணாச்சி. கயிறு எங்க?"

தெரியவில்லை என்றேன். கயிறு என் உளிப் பைக்குள் இருந்தது.