கூடத்து விளக்கு நின்று எரியும்வரை

சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே கூடத்துக்கு டிம்மர் போட்ட முதல் ஆள் நான்தான். சுவரில் பித்தளைக் குமிழ் ஒன்று இருக்கும். வலப்பக்கம் திருகினால் பொய்க்கூரைக்குள் பதித்த விளக்குகள் கல்யாண மண்டபம் மாதிரி பளீரென்று எரியும், இடப்பக்கம் திருகினால் பெரிய ஹோட்டல் மாதிரி மங்கும். சின்ன வயதில் ஒரு பங்களாவுக்குக் காய்கறி கொண்டுபோய்ப் போடுவேன். அங்கே வெள்ளைக்காரர் ஒருவர் அப்படித் திருகுவதைப் பார்த்தேன். நானும் என் வீட்டில் திருகுவேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், தேக்கா மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன், லிட்டில் இந்தியாவிலேயே சொந்தமாக மளிகைக் கடை போட்டேன் என்றால் சும்மா இல்லை. நினைத்தால் முடிப்பேன்.

வீட்டைப் புதுப்பித்தபோது என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. விளக்கு வைக்கும் நேரத்தில் சாமி விளக்கு எரிவதற்கு முன்னால் கூடத்து விளக்கு எரியக்கூடாது. அது அவளுக்குப் பெரிய விஷயம். நான் வேலை எடுத்திருந்த சீனக் காண்டிராக்டரைக் கூப்பிட்டு, இரண்டையும் ஒரே குமிழில் சேர்க்கச் சொன்னேன். திருகினால் கூடமும் சாமி அலமாரியும் ஒன்றாக எரியும், யார் முன்னால் யார் பின்னால் என்ற பேச்சே இல்லை. அந்தச் சீனன் தலையைச் சொறிந்தான். "பாஸ், உங்க சாமிக்கும் டிம்மரா?" என்றான். "போடு லா" என்றேன். போட்டான். வருஷக் கணக்கில் எரிந்தது.

பிறகு எல்லாரும் எல்.இ.டி.க்கு மாறினார்கள். நான் மட்டும் பழைய ஹாலஜனை வைத்துக்கொண்டு கூடத்தை அடுப்பாக்கிக்கொண்டிருப்பேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு நானே எல்லாவற்றையும் மாற்றினேன். அந்த வேகத்திலேயே சாமி அலமாரியின் இரண்டு பக்கமும் இருந்த சுடர் வடிவப் பழைய பல்புகளையும் கழற்றினேன்.

"அது ஏங்க? அது நல்லாத்தானே எரியுது."

"கரண்ட தின்னுது."

"சாமிக்குத்தானே தின்னுது, உங்களுக்கு எங்க வலிக்குது?"

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கேயும் எல்.இ.டி. மாட்டினேன்.

சாயங்காலம் அவள் குமிழைத் திருகினாள். கூரை விளக்குகள் அத்தனையும் அருள் வந்தவர் உடம்பு மாதிரி நடுங்கின. மங்க வைத்தால் துடித்தன, முழுதாகத் திருகினாலும் கண் சிமிட்டின. "சாமி விளக்குல கை வச்சீங்க, பாருங்க" என்றாள். "சாமிக்கு வேற வேலை இல்லையா, என் விளக்கப் பிடிச்சு ஆட்டறதுக்கு?" என்றேன்.

அவளுக்கு ஏற்கெனவே தலைசுற்றல் உண்டு. விளக்கு துடிக்கத் துடிக்க அவளால் கூடத்தில் உட்கார முடியவில்லை. கொஞ்ச நாள் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு மார்சிலிங்கில் இருக்கும் எங்கள் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"விளக்கு நின்னு எரியட்டும், வரேன்" என்று வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னாள்.

எனக்கு வீட்டில் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. டீ போடுவேன், குடிக்காமல் எழுந்துபோய்க் குமிழைத் திருகுவேன். துடிக்கும். அணைப்பேன். ஜன்னல் வரைக்கும் நடப்பேன், திரும்பி வந்து மறுபடி திருகுவேன். கடையில் ஃப்ரீசர் நின்றால் மெக்கானிக் வருவதற்கு முன் நானே ஓட வைத்தவன். கைப்பிடி அளவு பல்பு என்னை இப்படி நடக்க வைத்தது.

விளக்குக் கடைகள் வரிசையாக இருக்கும் பாலஸ்டியர் ரோட்டுக்குப் போனேன். கடைக்காரச் சீனப் பெண் என் பல்புப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். டிம்மருக்கு ஆகாத பல்பு என்று அதிலேயே போட்டிருக்கிறதாம். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள், நான் மலாயில் பதில் சொன்னேன். எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை. டிம்மருக்கு ஆகும் பல்பாகவே எல்லாம் வாங்கி, மறுபடி ஏணி ஏறினேன். துடிப்பு கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. திரும்பவும் போனேன்.

"அங்கிள், அப்போ டிம்மர் பழசு. புதுசு போடுங்க."

"என் டிம்மருக்கு உன்னைவிட வயசு கூட."

"அதத்தான் நானும் சொல்றேன் லா."

பித்தளைக் குமிழை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிளாஸ்டிக்கை வைப்பதா? வந்துவிட்டேன்.

மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, அதக் கழட்டிட்டு சாதா சுவிட்ச் போட்டுடலாம். ஆள் அனுப்பவா?"

"உங்க வீட்டு சுவிட்ச்செல்லாம் சரியா இருக்கா மாப்பிள்ளை? அத முதல்ல பாருங்க."

போனை மகள் வாங்கினாள். "அப்பா, அம்மா இங்கயே இருக்கட்டும். பிள்ளைய ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வர வசதியா இருக்கு. அம்மாவுக்குக் கட்டில்கூட வாங்கிட்டோம்."

கட்டில் வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாள் என்பது என் காதில் விழவில்லை.

போனை வைத்துவிட்டு நேரே சாமி அலமாரிக்குப் போனேன். கழற்றிப் போட்ட பழைய பல்புகளை அவள் தூக்கி எறியவில்லை, விபூதித் தட்டுக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்திருந்தாள். அவற்றை மாட்டினேன். நம்பி மாட்டவில்லை. 'உன் பல்பை மாட்டிவிட்டேன், வா' என்று கூப்பிடுவதற்கு எனக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். குமிழைத் திருகினேன்.

கூரை விளக்கு அசையாமல் நின்றது.

மங்க வைத்தேன். நின்றது. பழைய பல்பைக் கழற்றினேன், துடித்தது. மாட்டினேன், நின்றது. சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது. காரணம் தெரியாமல் அவளைக் கூப்பிட்டால் ஆயுசுக்கும் சாமி பெயர்தான் நிற்கும். டாக்ஸி பிடித்து மறுபடி பாலஸ்டியர் போனேன்.

கடைக்காரி கேட்டுவிட்டுச் சிரித்தாள். பழைய டிம்மர் ஒழுங்காக வேலை செய்ய, அதில் மாட்டியவை கொஞ்சமாவது மின்சாரம் இழுக்க வேண்டுமாம். எல்.இ.டி. எல்லாம் சேர்ந்தும் அது போதவில்லை. பழைய பல்பு நிறைய இழுப்பதால் அந்தக் குறையை ஈடுகட்டிவிட்டது. "சாமி விளக்கையும் கூடத்தையும் ஒண்ணாச் சேர்த்தது யாரு அங்கிள்?" என்றாள்.

"நான்தான்."

அப்படிச் சேர்க்காமல் இருந்தால் இந்த வழி கிடைத்திருக்குமா? அதையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

கடை வாசலிலேயே நின்று மனைவிக்குப் போன் போட்டு, டிம்மர் சமாசாரம் முழுவதையும் விளக்கினேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"அப்ப பழைய பல்ப மாட்டிட்டீங்க."

"மாட்டினேன். ஆனா நின்னதுக்குக் காரணம் வேற."

"மாட்டினீங்களா இல்லையா?"

"மாட்டினேன்."

"நாளைக்கு வரேன்."

வந்தாள். பையை வாசல் பக்கமே வைத்தாள், பிரிக்கவில்லை. முகம் கழுவி, எண்ணெய் விளக்கை ஏற்றி, குமிழைத் திருகிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சியைப் போட்டாள். நான் அவள் முகத்தையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தேன். அந்தப் பை என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. எழுந்து போய்க் குமிழைக் குறைத்தேன். "பாரு, மங்கினாலும் நிக்குது." கூட்டினேன். "இப்பவும் பாரு."

"அத விட்டுட்டு உக்காருங்க. நீங்க நடக்குறதப் பாத்தாத்தான் எனக்குத் தல சுத்துது."

உட்கார்ந்தேன். நாடகம் முடிந்ததும் அவள் மகளுக்குப் போன் செய்தாள். "அந்தக் கட்டில பிள்ளைக்குப் போட்டுடும்மா" என்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

அந்தச் சுடர் வடிவப் பழைய பல்பு இப்போதெல்லாம் சுலபத்தில் கிடைப்பதில்லை. சிராங்கூன் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு பெட்டி நிறையச் சேர்த்து என் கடையின் உள் அலமாரியில் வைத்திருக்கிறேன். சில வாடிக்கையாளர்கள் பார்த்துவிட்டு விலை கேட்பார்கள். விற்பதற்கு இல்லை என்று சொல்லிவிடுவேன்.