கோலா சாவாவின் ஆறாவது கூடாரம்

கையுறைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். ஆட்குறைப்பு என்று சொல்லி, கையில் ஒரு தொகையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதை வைத்து என்ன செய்வது என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நாத்தனார் தங்கம் வாங்கச் சொன்னாள். வீட்டுக்காரர் கொஞ்ச நாள் சும்மா இருக்கச் சொன்னார். சும்மா இருப்பது எனக்கு வராது. எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கூடாரம், மேசை, நாற்காலி வாடகைக்கு விடலாம் என்று நினைத்திருந்தேன். பணத்தைப் போடுவதற்கு முன், அந்தத் தொழிலை நடத்துகிற யார் கூடவாவது இரண்டு நாள் இருந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

அப்படிக் கிடைத்தவள்தான் தேவி. சிறுதொழில் செய்யும் பெண்களின் வாட்ஸாப் குழுவில் அறிமுகம். நெகிரி செம்பிலானில் கோலா சாவாவில் இருக்கிறாள். பத்து வருடமாக இதே தொழில். "வாங்கக்கா, ஆனா உக்காந்து பாக்க முடியாது, நாற்காலி தூக்கணும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். வைகாசியில் முகூர்த்தம் நெருக்கமாக வந்த ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

போகிறவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயிலில் சிரம்பானுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், டிக்கெட் பத்து வெள்ளிக்குள், அதாவது பத்து ரிங்கிட். நான் அந்த டவுனிலேயே தெமியாங் பக்கம் எழுபத்தைந்து வெள்ளிக்கு ஓர் அறை எடுத்தேன். சுத்தமான படுக்கை, ஊளையிடும் ஏர்கண்டிஷன். அங்கிருந்து கோலா சாவாவுக்கு, ரந்தாவ் போகும் சாலையில் பதினைந்து கிலோமீட்டர் போல. வாடகைக் காருக்கு இருபத்திரண்டு வெள்ளி ஆனது. பஸ்ஸை நம்பாதீர்கள். நான் நாற்பது நிமிடம் நம்பிப் பார்த்துவிட்டுத்தான் காரைக் கூப்பிட்டேன்.

டவுன் முடிந்ததும் இரண்டு பக்கமும் செம்பனை. நடுநடுவே தாமான் என்கிற புதிய குடியிருப்பு வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், மறுபடியும் செம்பனை. தேவியின் ஸ்டோர் தாமானுக்குப் பின்னால் இருக்கிற ஒரு தகரக் கொட்டகை. வாசலில் நீல லோரி. அதன் கீழே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அது தேவியின் அண்ணன் குமார். லோரி ஓட்டுவதும் அதைப் பழுது பார்ப்பதும் அவர் வேலை. நான் போன அன்று இரண்டாவதுதான் அதிகம் நடந்துகொண்டிருந்தது.

"கிளட்ச் போச்சுக்கா. இந்த வாரம் தாங்கும். அடுத்த வாரம் சாமிதான் பாக்கணும்" என்றார், வெளியே வராமலேயே.

உள்ளே ஐந்து வெள்ளைக் கூடாரங்கள் சுருட்டி அடுக்கியிருந்தன. இங்கே யாரும் கூடாரம் என்று சொல்வதில்லை, கேமாதான். ஓரமாகப் பலகை மேல் தனியாக ஒரு பச்சைக் கேமா. கணக்கெல்லாம் ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள் தேவி. ஒரு கேமா ஒரு நாளைக்கு இருநூறு வெள்ளி. தூக்குகிற நாலு பேருக்கும் தலைக்குத் தொண்ணூறு வெள்ளி, மூன்று வேளை சாப்பாடு. மழையால் வேலை ரத்தானாலும் பாதிக் கூலி உண்டு. அந்த நாலு பேரில் இரண்டு பேர் பெண்கள், முன்னே தோட்டத்தில் உரம் போட்டவர்கள். அவர்கள் நாற்காலி அடுக்கும் வேகத்தைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டு என் பங்குக்கு நாலு நாலாகத் தூக்கினேன்.

சாயங்காலம் ஒரு போன் வந்தது. மறுநாள் கல்யாண வீட்டுக்காரர். தெமியாங்கில் பல தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பம், சமையல் கான்டிராக்ட் எடுப்பவர். நாம் அவரை அண்ணாச்சி என்று வைத்துக்கொள்வோம். மகள் கல்யாண விருந்து, சுவா என்கிற ஊரில் இருக்கும் அவர்களுடைய பழைய வீட்டு வாசலில். ஐந்து கேமாவுக்குச் சொல்லியிருந்தார். இப்போது ஐம்பது பேர் கூடுதலாம். ஆறாவதும் வேண்டும்.

"ஆறாவது கிடையாது அங்கிள்" என்றாள் தேவி.

அவர் குரல் ஸ்பீக்கரில் நன்றாகவே கேட்டது. "உன் பேஸ்புக் பேஜ்ல ஆறுன்னு போட்டிருக்கியேம்மா?"

"அது... அது வெளிய போகாது அங்கிள்."

அவர் போனை வைத்துவிட்டார். லோரிக்கு அடியிலிருந்து குமார் வெளியே வந்தார். முகமெல்லாம் எண்ணெய். "நாளைக்கு அவரு மனசு குளிர்ந்தா, அவரு சமைக்கிற கல்யாணம் அத்தனைக்கும் நம்ம கேமாதான்னு சொல்லியிருக்காரு. மாசம் மூணு நாலு வேலைக்கா. வேற லோரி எடுத்துரலாம். இவ ஒரு துணியைக் கட்டிக்கிட்டு அழுவுறா லா."

அந்தத் துணியின் கதையை அப்போதுதான் கேட்டேன். இவர்கள் இருந்த தோட்டத்தில் மரண சகாய நிதி என்று ஒன்று இருந்தது. மாதா மாதம் வீட்டுக்கு இரண்டு வெள்ளி போடுவார்கள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பெட்டிக்கும் வண்டிக்கும் அந்தப் பணம் போகும். தோட்டம் கைமாறி, தொழிலாளர் லைன் வீடுகளை இடித்து, ஜனங்கள் தாமானுக்கும் டவுனுக்கும் பிரிந்தபோது நிதியையும் மூடினார்கள். மிச்சப் பணத்தைப் பிரித்தால் ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடத் தேறாது. நிதிக்குச் சொந்தமாக இருநூறு நாற்காலி வேறு இருந்தது. கூட்டத்தில் பேசி எல்லாவற்றையும் தேவியிடம் கொடுத்தார்கள். நாற்காலியை வாடகைக்கு விட்டுப் பிழைத்துக்கொள், பணத்தில் ஒரு கேமா வாங்கு, அது மட்டும் சாவு வீட்டுக்கென்று எப்போதும் தயாராக இருக்கட்டும் என்று ஒரே பேச்சு. நாற்காலியிலிருந்து தொழில் வளர்ந்தது. பச்சைக் கேமா அப்படியே நின்றுவிட்டது. துணி இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது, நிறத்தை மாற்றவில்லை. சாவு வீட்டில் முன்பணம் கேட்பதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து கொடுப்பவர்கள் கொடுப்பார்கள்.

எனக்கு நாக்கு சும்மா இருக்காது. "நாளைக்கே யாரும் சாகப் போறாங்களா தேவி? அந்த நிதியே இல்லை. யாரு வந்து கேக்கப் போறா?" என்றேன்.

"யாரும் கேக்க மாட்டாங்கக்கா" என்றாள். அதோடு நாற்காலி எண்ணப் போய்விட்டாள்.

சனிக்கிழமை விடிவதற்கு முன் கிளம்பினோம். கோலா சாவாவிலிருந்து லுக்குட் வழியாகச் சுவாவுக்கு எங்கள் லோரி ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. காரில் போகிறவர்கள் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஒவ்வொரு மேட்டிலும் குமார் பல்லைக் கடித்துக்கொண்டு கியர் மாற்றினார். வாசல் பெரியது. ஒன்பது மணிக்குள் ஐந்து கேமாவும் நின்றுவிட்டன. வெள்ளைத் துணியும் வாழைமரமுமாகப் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. இடம் பத்தாத ஆறு மேசைகளை ரம்புத்தான் மரத்தடியில் போட்டோம்.

பகல் ஒன்றரைக்கு வானம் உடைத்துக்கொண்டு கொட்டியது. ஐயோ, அந்த ஆறு மேசைக்காரர்கள் பட்ட பாடு! பட்டுப்புடவைகள் இலையைப் போட்டுவிட்டு ஓடின. ஒரு பெரியவர் மட்டும் பாயசத்தை விடுவதாக இல்லை, டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மெதுவாக நடந்தார். தேவி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. லோரியை மூடும் தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னாள். மரத்துக்கும் லோரிக்கும் நடுவில் கயிறு கட்டி மேசைகளின் மேல் விரித்தோம். நடுவில் தண்ணீர் தேங்காமல் இருக்க நாங்கள் ஆளுக்கொரு கம்பால் தூக்கிப் பிடித்தோம். மேசைக்காரர்கள் பாதி நனைந்து சாப்பிட்டார்கள். நாங்கள் முழுக்க நனைந்தோம்.

அண்ணாச்சி குடையோடு வந்தார். கத்தவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. "இன்னும் ரெண்டாம் பந்தி இருக்கும்மா. ஒரு காரை அனுப்புறேன், அந்த ஆறாவதை எடுத்துட்டு வா. ரெண்டு மடங்கு தர்றேன். மத்த வேலையெல்லாமும் உனக்குத்தான், இப்பவே சொல்லிடுறேன்."

குமார் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவள் கையைப் பிடித்துக் காரில் ஏற்றிவிடலாம் போலிருந்தது. தேவி நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, நிதிக் கதையை நாலு வரியில் சொன்னாள். "மன்னிச்சிருங்க அங்கிள். அதைத் தர முடியாது."

அவர் முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "நல்ல காரியம்தாம்மா. ஆனா இதை நீ முதல்லயே சொல்லியிருந்தா, நான் வேற ஆள்கிட்ட ஒண்ணு எடுத்திருப்பேன்லா. ஆறுன்னு போட்டிருந்ததை நம்பித்தானே நான் ஆள் கூப்பிட்டேன்."

தேவி மறுபடியும் கம்பைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் அண்ணாச்சி, பேசிய பணத்தை ஒரு காசு குறைக்காமல் கொடுத்தார். ஆட்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். மற்ற கல்யாணங்களுக்குச் சிரம்பானில் பெரிய கம்பெனியைப் பார்த்துக்கொள்வதாகவும் அதே குரலில் சொன்னார்.

திரும்பும்போது லுக்குட்டில் ஒரு கடையில் தே குடிக்க நிறுத்தினோம். தோசை இரண்டு, தே தாரிக் என்கிற ஆற்றிய டீ ஒன்று, ஏழு வெள்ளி. சட்னி பரவாயில்லை. தே வந்ததும் குமார் ஆரம்பித்தார்.

"காலையிலேர்ந்து போனைப் பாத்துக்கிட்டே இருந்தியே. யாராச்சும் செத்தாங்களா? இல்லல்ல?"

தேவி அவரை நேராகப் பார்த்தாள். "சாகலைன்னு வருத்தப்படுறியாண்ணே?"

குமார் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து மேசைக்காரன்கூடச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். முந்தின நாள் நான் கேட்டதும் அதே கேள்விதானே. ஆனாலும் அவளை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

"நீ செஞ்சது சரி தேவி. ஆனா ஆறுன்னு போட்டது யாரு?"

"அஞ்சுன்னு போட்டா சின்னக் கம்பெனின்னு நினைப்பாங்கக்கா."

"சின்னக் கம்பெனிதானே? உன்கிட்ட வாடகைக்கு இருக்கிறது அஞ்சு. ஆறுன்னு பெருமைக்குப் போட்டே. அந்தப் பெருமைதான் இன்னைக்கு அவங்க இலையில மழையா ஊத்துச்சு."

கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "நீங்க ஒரு நாற்காலிகூட இன்னும் வாங்கலக்கா" என்றாள். நியாயமான பேச்சு. தே காசை நான் கொடுத்தேன். லோரி ஏறி, கோலா சாவா வரும்வரை மூன்று பேரும் கிளட்ச் போடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொண்டு போகலாம் என்று காலையில் மறுபடி போனேன். கொட்டகைக்கு முன்னால் புல்லில் பச்சைக் கேமாவை விரித்துக்கொண்டிருந்தார்கள். சுருட்டியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும், வாரம் ஒருமுறை வெயிலில் போட்டே ஆக வேண்டும். ஒரு முனையைக் குமார் பிடித்திருந்தார், மறுமுனையை என்னிடம் கொடுத்தார். அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டார்களா என்று தெரியவில்லை, ஆனால் காலைப் பசியாறலை ஒரே பொட்டலத்தில்தான் சாப்பிட்டார்கள்.

அப்போது சாலையில் போன ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஓட்டி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "யாரும்மா?" என்று கேட்டார். குரலே இறங்கியிருந்தது.

"யாரும் இல்ல மாமா. காய வைக்கிறோம்" என்றாள் தேவி.

"அப்பாடா" என்று சொல்லி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு ஒரு கார். பிறகு பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய் வந்த இரண்டு பெண்கள். எல்லோருக்கும் அதே கேள்வி, அதே பதில், அதே மூச்சு. அந்தத் தோட்டம் இல்லை, நிதி இல்லை, யாரும் கேட்க மாட்டார்கள் என்று வெள்ளிக்கிழமை நான்தான் பேசினேன். ஒரு மணி நேரத்தில் ஐந்து பேர் வண்டியை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்தவருக்குத் தேவி போனில் இருந்ததால் நான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. "யாரும் இல்லைங்க" என்றேன். சொல்லும்போது எனக்கே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அவள் போனில் செய்துகொண்டிருந்தது பேஜைத் திருத்தும் வேலை. என்னிடம் நீட்டினாள். "வாடகைக்கு ஐந்து கேமா. இன்னொன்று பச்சை, அது சாவு வீட்டுக்கு மட்டும். அதன் செலவுக்காகக் கல்யாணக் கேமா ஒன்றுக்குப் பத்து வெள்ளி கூடுதல்" என்று போட்டிருந்தாள்.

"பத்து வெள்ளியையும் சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"சொல்லாம விட்டதுதானேக்கா நேத்து பிரச்சனை" என்றாள். லோரி இன்னும் அதே லோரிதான். கிளட்ச்சைத் தவணையில் மாற்றிக் கொடுக்க ரந்தாவில் ஒரு பட்டறைக்காரர் ஒத்துக்கொண்டிருக்கிறார் என்றார் குமார்.

என்னைப் போல் தொழில் பார்க்கப் போகிறவர்களுக்கு: வெள்ளி மதியம் போய் ஞாயிறு மதியம் திரும்பினால் போதும். எனக்கு அறை, ரயில், கார், சாப்பாடு எல்லாம் சேர்த்து முந்நூற்று இருபது வெள்ளி ஆனது. மாற்றுத்துணி இரண்டு செட் எடுத்துப் போங்கள், ரப்பர் செருப்பு போடுங்கள். லாபத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், எதை வாடகைக்கு விடுவதில்லை என்றும் கேளுங்கள். அந்தச் சாலையில் ஞாயிறு காலையில் போகும்போது ஒரு பச்சைக் கேமா விரிந்து கிடந்தால், வண்டியை நிறுத்தி யாரென்று விசாரியுங்கள். அங்கே அதுதான் மரியாதை.

நான் பணத்தைப் போடுவதென்று முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்காரரும் முனகிக்கொண்டே சரி என்றார். முதலில் நாலு கேமா வாங்குகிறேன். பேஜில் மூன்று என்றுதான் போடுவேன்.