ரஷ்யாக்காரனின் கடைசிப் பலகை

அந்த மரத்துண்டு ஆளுயரத்தைவிடப் பெரியது. கறுத்து, வளைந்து, ஒரு பக்கம் அரித்து, மறுபக்கம் கடற்சிப்பி ஒட்டிப்போய், டென்மார்க்கின் மேற்கு யூலாந்துக் கரையில் உள்ள ஒரு சிறிய நூதனசாலையின் நடு மண்டபத்தில், இரண்டு இரும்புத் தாங்கிகளின் மேல் கிடந்தது. பாய்மரம் கட்டி ஓடிய ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றின் விலா மரம். தொடக் கூடாது என்று டெனிஷிலும் ஜெர்மனிலும் எழுதி, சுற்றிவரக் கயிறும் கட்டியிருந்தார்கள். மச்சாள் அந்தக் கயிற்றைத் தாண்டி உள்ளே போய், காய்ந்த துணியால் அதை மெதுவாகத் துடைப்பாள். தொடக் கூடாது என்பது பார்க்க வருகிறவர்களுக்குத்தான், துடைக்க வருகிறவளுக்கு இல்லை என்பது அவள் கட்சி. அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் காட்சிதான்.

மச்சாள் என் மனைவியின் தங்கை. ஸ்கீவ என்ற ஊரில் தனியாக இருந்தாள். நான் ஹேர்னிங்கில் ஒரு தொழிற்சாலையில் முறைவேலை செய்கிறேன். திங்கட்கிழமைகளில் எனக்கு ஓய்வு. நூதனசாலைக்கும் அன்றுதான் பூட்டு என்பதால், முழுக் கட்டடத்தையும் அவள் துப்புரவு செய்கிற நாளும் அதுவே. குளிர்காலத்தில் பஸ்ஸை நம்பி அந்தக் கரைக்குப் போக முடியாது. அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போவதும், வேலை முடியும்வரை இருந்து திருப்பிக் கொண்டுவந்து விடுவதும் என் பொறுப்பாயிற்று. நல்ல அத்தான் என்று இனசனம் எல்லாம் சொன்னது. அந்தப் பெயருக்கு நான் எவ்வளவு தகுதியானவன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போரின் கடைசிக் காலத்தில் மச்சாள்தான் முதலில் நாட்டை விட்டு வந்தாள். அவளுடைய கணவர், என் சகலன், மன்னாரில் நின்றார். அவரைக் கூப்பிடுவதற்கு அவள் இங்கே அலுவல் பார்த்துக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து தொலைபேசிக் கதை நின்றுபோயிற்று. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கு அதற்கு மேலும் தெரியும். சகலன் இராமேஸ்வரத்துக்குப் போக ஏறிய படகு நடுக்கடலில் கவிழ்ந்தது. நீந்திக் கரைசேர்ந்த ஒருவர், சகலன் சொல்லிக்கொடுத்திருந்த என் தொலைபேசி எண்ணை நினைவில் வைத்திருந்து எனக்கு அழைப்பு எடுத்தார். தன் கண்முன்னே அவர் தண்ணீருக்குள் தாண்டுபோனதாகச் சொல்லி அழுதார்.

நான் மச்சாளிடம் சொல்லவில்லை. மரணச் செய்தியை நேரே சொல்லும் பழக்கம் எங்கள் சனத்திடம் கிடையாது. ஆள் போய்ச் சேர்ந்து, கிரியைக்கு நாள் குறித்த பிறகும், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு "அப்பாவுக்குக் கொஞ்சம் கடுமையாம்" என்றுதான் தொலைபேசியில் சொல்வோம். அப்போது மச்சாளுக்கு வதிவிட அனுமதி கிடைக்கவில்லை, அதன்பிறகு ஒரு சத்திரசிகிச்சை, அதன்பிறகு கொஞ்சம் தேறட்டும் என்று மனைவியும், ஓகூஸ் நகரத்தில் இருக்கிற அவள் தமையனாகிய மைத்துனரும், நானும் தள்ளிப்போட்டோம். தள்ளிப்போட்டது பதினைந்து வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் மச்சாள் கணவனின் நீண்ட ஆயுளுக்காக இருபத்தொரு நாள் கௌரி விரதம் பிடித்தாள். விரதம் முடிகிற அன்று எங்களைக் கூப்பிட்டுப் பலகாரம் தருவாள். நாங்களும் போவோம்.

நூதனசாலைச் சுவரில் அந்தக் கப்பலின் சேவைக் காலம் முழுவதையும் ஒன்பது பலகைகளில் எழுதி மாட்டியிருந்தார்கள். மச்சாள் டெனிஷ் நன்றாகக் கதைப்பாள், ஆனால் நீளமாக எழுதியிருந்தால் வாசிக்கப் பஞ்சிப்படுவாள். "சும்மாதானே இருக்கிறியள், அத்தான். அதைப் பாத்துத் தமிழில சொல்லுங்கோ" என்று ஒரு நாள் தொடக்கிவைத்தாள். அதிலிருந்து கிழமைக்கு ஒரு பலகை. கப்பலுக்கு ஏதோ புனிதரின் நீளமான பெயர். அது எங்கள் இருவர் வாயிலும் நுழையாததால் மச்சாள் அதற்கு ரஷ்யாக்காரன் என்று பெயர் வைத்தாள்.

ரஷ்யாவின் வடக்கே ஆர்க்காங்கெல்ஸ்க் என்ற துறைமுகத்தில் கட்டி, நோர்வேயைச் சுற்றிக்கொண்டு போல்ட்டிக் கடலுக்கு வந்த கப்பல் அது. இரண்டு சண்டைகளில் நின்றது. ஒரு மாரி முழுவதும் துறைமுகத்துப் பனிக்கட்டிக்குள் இறுகிக் கிடந்தது. "உள்ளுக்கு இருந்தவை என்ன சாப்பிட்டவை?" என்று துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டாள். ரை மாவில் சுட்ட பாணும் உப்பிறைச்சியும் என்று பலகை சொன்னது. "எங்கட அகதிக் காம்பு மாதிரித்தான்" என்று சிரித்தாள். வயது போன பிறகு பீரங்கிகளை இறக்கிவிட்டு அதைச் சாமான் ஏற்ற விட்டிருந்தார்கள். "பென்சன் எடுத்தும் வேலைக்குப் போயிருக்கு, பாவம்" என்றாள். அந்தக் கப்பலுக்காக அவள் இரங்கினாள், கோபப்பட்டாள். திங்கட்கிழமைகளை நானும் எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

ஒன்பதாவது பலகையை நான் முதலில் மனத்துக்குள் வாசித்தேன். புயலில் கப்பல் மணல்திட்டில் ஏறி உடைந்தது. ஊர்ச்சனம் கயிறு எறிந்து இழுத்தெடுத்த சிலர்தான் தப்பினார்கள். கரையொதுங்கியவர்களைத் தேவாலய வளவில் ஒரே குழியில் அடக்கினார்கள். மற்றவர்களைக் கடல் திருப்பித் தரவில்லை. இறந்த எல்லாருடைய பெயரையும் ஒன்றும் விடாமல் எழுதியனுப்பி, அவரவர் ஊர்த் தேவாலயத்தில் மனைவிமார் கேட்க வாசிக்கச் செய்தார்கள் என்று கடைசி வரி இருந்தது. மச்சாள் பக்கம் திரும்பினேன். "கப்பலுக்கு வயசு போட்டுது எண்டு துறைமுகத்துக்குக் கொண்டுவந்து கழட்டிப் போட்டாங்களாம்" என்றேன். மச்சாளின் முகம் மலர்ந்தது. "கரைக்கு வந்திட்டுதே. அது காணும்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த திங்கள் வேலை முடிந்து காரில் ஏறியதும் அவள் கதவை அடித்துச் சாத்தினாள். நூதனசாலைப் பொறுப்பாளர் பெண்மணியிடம், துறைமுகத்தில் கழற்றிய மரத்தில் எப்படி இத்தனை கடற்சிப்பி ஒட்டியது என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மா கடைசிப் பலகையை ஆறுதலாக வாசித்துக் காட்டியிருக்கிறார்.

"அந்தக் கப்பல் தாண்டெல்லோ போனது, அத்தான்?"

"ஓம்."

"ஏன் என்னட்ட மாத்திச் சொன்னனீங்கள்?"

"உமக்கு மனவருத்தமா இருக்கும் எண்டுதான்."

"எப்பவோ செத்த ரஷ்யாக்காரருக்கு எனக்கென்ன மனவருத்தம்?" என்றாள். கொஞ்சத் தூரம் போன பிறகு, வீதியைப் பார்த்துக்கொண்டே, "அவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாள்.

காரை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மூன்று கேள்விகள்தான் கேட்டாள். ஆர் சொன்னது, என்ன நாள், ஆர் ஆருக்குத் தெரியும். நாளைச் சொன்னதும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அண்டைக்கு நான் விரதத்தில இருந்தனான்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவள் அழவில்லை.

"பதினைஞ்சு வருசம் நான் செத்த மனிசனுக்கு ஆயுள் கேட்டிருக்கிறன். நீங்கள் எல்லாரும் வந்திருந்து மோதகம் சாப்பிட்டிட்டுப் போயிருக்கிறியள்."

வீட்டு வாசலில் இறங்கும்போது, "இனித் திங்கள் வரவேண்டாம், நான் பஸ்ஸில போறன்" என்றாள். சொன்னபடியே போனாள். பஸ் நிறுத்தத்திலிருந்து நூதனசாலைக்கு அரை மணி நேர நடை, கடற்காற்று முகத்தில் அறையும். எங்கள் வீட்டுக்கு வரவில்லை, தொலைபேசியை எடுக்கவில்லை. மனம் கல்லாகிவிட்டது என்று மைத்துனர் குறைபட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, என்மேலும்தான். அவளுக்காக மறைத்தோம் என்று சொல்லிக்கொண்டதெல்லாம் புளுகு. அந்தச் சொல் என் வாயிலிருந்து வரக்கூடாது என்று ஒவ்வொருவரும் ஒதுங்கினோம், அதுதான் நடந்தது. செய்தி வந்த மறுநாளே நான் பஞ்சாங்கத்தில் திதி பார்த்துவைத்து, ஒவ்வொரு வருடமும் அன்று இரகசியமாக மச்சம் சாப்பிடாமல் இருந்தேன். அவளுக்கு உரிய துக்கத்தைக் களவாக நான் பிடித்துவந்திருக்கிறேன்.

போன ஐப்பசியில் அவளிடமிருந்து மனைவிக்குச் செய்தி வந்தது. திவசம் செய்கிறேன், எல்லாரும் வாங்கோ என்று ஒரு வரி. போனோம். ஸ்கீவவில் அந்தச் சின்ன வீட்டின் இருப்பறையில் தளபாடங்களை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தாள். சகலனின் படத்துக்கு அன்றுதான் முதல்முறையாக மாலை போட்டிருந்தது. மச்சாள் நெற்றியில் பொட்டோடுதான் இருந்தாள். அதைப் பற்றிக் கதைக்க ஒருவருக்கும் துணிவில்லை. மனைவி தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குள் போனாள். மைத்துனர் மூலையில் இருந்து கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஐயர் தர்ப்பையை எடுத்துவைத்துவிட்டு, பெயரும் நட்சத்திரமும் கேட்டார். மச்சாள் சொன்னாள். "என்ன மாசம், என்ன திதி?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியும். ஆனால் பதிலை எங்களிடம் விட்டாள். நிமிர்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைத்துனர் குனிந்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"ஐப்பசி, அபரபக்கம், சப்தமி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"பலத்துச் சொல்லுங்கோ, அத்தான்" என்றாள் மச்சாள். "எங்க, எப்பிடி எண்டு முழுசாச் சொல்லுங்கோ. எல்லாருக்கும் கேக்கட்டும்."

நான் எழுந்து நின்றேன். சகலனின் முழுப்பெயரையும் சொல்லி, அவர் மன்னாரில் படகேறினார், இராமேஸ்வரத்துக்குப் போகும் வழியில் ஐப்பசி அபரபக்கச் சப்தமி அன்று கடலில் தாண்டு இறந்தார், உடல் கிடைக்கவில்லை என்று, அந்த அறையில் இருந்த எல்லாரும் கேட்கச் சொன்னேன். மச்சாள் அப்போதுதான் அழத் தொடங்கினாள்.