நீங்களே போய்ப் பாருங்கப்பா

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பொய்யை ஜோடித்துச் சொல்லும் பொறுமையும் கிடையாது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். போன ஜனவரியில், கறம்பக்குடியில், எங்கள் வீட்டுக் கூடத்தில், பட்டப்பகலில் நடந்தது இது.

அப்பா அழகுமலை இறந்து மூன்றாம் நாள். உடல் ஃப்ரீசர் பெட்டியில் இருந்தது. கனடாவில் வேலை பார்க்கும் தம்பி தமிழ்செல்வனுக்காகக் காத்திருந்தோம். முதல் நாள், "டிக்கெட் போடுறேன்க்கா" என்றான். மறுநாள், "லீவு கேட்டிருக்கேன்" என்றான். அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றான். பெட்டிக்கு எதிரே நாற்காலியில் என் போனை வீடியோ காலில் சாய்த்து வைத்தோம். அதில் அப்பாவின் முகம் மட்டும் தெரியும். மற்றதெல்லாம் மாலைக்கும் போர்வைக்கும் அடியில்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. எல்லோரும் பக்கத்து வீட்டில் சாப்பிடப் போயிருந்தார்கள். நானும் பெட்டியும் மட்டும். மணி இரண்டு நாற்பது. கனடாவில் இன்னும் விடிந்திருக்காது. தம்பி விழித்துத்தான் இருந்தான்.

"அக்கா... நான் வரலக்கா."

நான் நாற்காலிப் பக்கம் திரும்பினேன்.

"இங்க நிரந்தரமாத் தங்குற பி.ஆர். கைக்கு வர்ற நேரம். இப்ப வெளிய வந்தா திரும்ப உள்ள விடுவானான்னு தெரியல. ஆறு வருச ஒழைப்புக்கா."

"இத முந்தாநாளே சொல்றதுக்கென்ன?"

"அங்கிட்டுத்தான் நீ இருக்கேல்ல..."

அதே ஆறு வருடம் அப்பாவைக் குளிப்பாட்டி, ராத்திரியில் அவர் இரைப்பைக் கேட்டுக் கிடந்தவள் நான். வாசலில் எந்த வண்டி நின்றாலும், "தம்பியா?" என்று கேட்டவர் அவர். செத்த பிறகும் அவரைப் பனிக்கட்டிபோலக் கிடத்திக் காக்க வைத்தவன் இவன். போனைப் பார்த்துத் திட்டினால் ஆறாது. பெட்டியின் கண்ணாடியை ஓங்கி அடித்தேன்.

"அவன் வரமாட்டானாம்! இன்னும் எதுக்குப் படுத்திருக்கீங்க? நீங்களே போய்ப் பாருங்கப்பா! போங்க!"

பெட்டியின் உறுமல் நின்றது.

கரண்ட் போகவில்லை. மின்விசிறி சுற்றியது. பெட்டியின் பச்சை விளக்கும் எரிந்தது.

கண்ணாடியில் மூன்று நாளாக வழிந்த ஈரம்... நான் பார்க்கப் பார்க்கக் காய்ந்தது.

வாசல் பந்தலில் தொங்கிய துணி, யாரோ குனிந்து போவதுபோல் விலகியது. காற்றே இல்லை.

போனில் சத்தம்.

டக்... டக்...

"யாரோ கதவத் தட்டுறாங்கக்கா. இந்நேரத்துல யாரு?"

எழுந்து போனான். திரையில் வெறும் சுவர்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

பிறகு...

ஒன்றுமில்லை.

போன் கட்டாகிவிட்டது.

இரண்டு நாற்பத்தேழு. பெட்டி மறுபடி உறுமியது.

அன்று மாலையே எடுத்துவிட்டோம். சித்தப்பா மகன் கண்ணன்தான் கொள்ளி வைத்தான். பாடையைத் தோளில் ஏற்றியதும் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னக்கா... பெரியப்பா கனமே இல்ல?"

தம்பி நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் கூப்பிட்டான். குரல் உள்ளே போயிருந்தது.

அவன் கதவைத் திறந்தபோது வெளியே யாரும் இல்லையாம். பனி மட்டும். ஆனால் அந்த வீட்டில் உடன் குடியிருந்த பிலிப்பைன்ஸ் பையன் மறுநாளே அறையைக் காலி செய்துவிட்டான். எதிர் அறைப் பஞ்சாபிக்காரர் இருட்டினால் சமையலறைக்கு வருவதில்லை. இருவரும் பார்த்தது ஒரே ஆளை. வேட்டி கட்டிய கிழவர். நடக்க முடியாமல் தத்தித் தத்திப் போகிறாராம்.

போகும்போது பிலிப்பைன்ஸ் பையன் தம்பியிடம் கேட்டிருக்கிறான். அவர் கால் கட்டைவிரல் இரண்டையும் ஏன் சேர்த்துக் கட்டியிருக்கிறது?

கட்டியவள் நான். வெள்ளைத் துணியைக் கிழித்து, இரண்டு முடிச்சு. நம் ஊர்ச் சாங்கியம் அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்?

"நீதானக்கா போகச் சொன்ன. நீ கூப்பிட்டா வந்துருவாரு. கூப்பிடுக்கா..."

அவனுக்கு பி.ஆர். வந்துவிட்டது. மூன்று வீடு மாறிவிட்டான். வாரம் தவறாமல் போன் செய்து இதையே கேட்கிறான். நான் போனைக் காதில் வைத்திருப்பேன். அவன் அழுது ஓய்ந்த பிறகும் அந்தப் பக்கம் இன்னொரு மூச்சு கேட்கும். மெல்லிய இரைப்பு. எனக்கு நன்றாகத் தெரிந்த இரைப்பு.

நான் கூப்பிடுவதாக இல்லை.