பீரோவுக்குப் பின்னால் இருந்த தலைவர்

ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டு பாதியில் நின்று, வீணை அழ ஆரம்பித்தால்... நம் ஊரில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். பெரிய தலைவர் யாரோ போய்விட்டார். யார் என்பதுதான் கேள்வி.

போன மாதம் ஒரு காலை எங்கள் வீட்டிலும் வீணை அழுதது. பிறகு செய்தி. அவர்தான்.

பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள், மீதிப் பாதிப் பேர் பல்லைக் கடிப்பீர்கள். அப்படிப்பட்ட தலைவர்.

எங்கள் வீட்டுக்காரர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்து, கடைசி வரைக்கும் கேட்டார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்:

"இன்னிக்கு காபில சக்கரை கொஞ்சம் தூக்கலா போடு."

போட்டேன். எனக்கும் சேர்த்து.

அநியாயம் என்கிறீர்களா? எங்கள் கதையையும் கேளுங்கள். என் வீட்டுக்காரர் அரசாங்க கிளார்க். அந்தத் தலைவர் ஆட்சியில் ஊழியர்கள் ஸ்டிரைக் செய்தபோது இவரும் செய்தார். ஒரே கையெழுத்தில் வேலை போனது. பதினாலு மாதம் ரைஸ் மில்லில் நெல் மூட்டை எடை போட்டார். அதையாவது மறந்துவிடலாம். இவர் தங்கை வசந்தாவுக்கு அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது. 'அண்ணனே வேலையில்லாமல் நிற்கிறான், நாளைக்குப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?' என்று மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். அதற்கப்புறம் எந்த வரனும் கூடிவரவில்லை. கடைசியில் இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனாள்.

வேலை திரும்பக் கிடைத்தது. வசந்தாவுக்குப் போனது கிடைக்கவில்லை.

எனக்கும் கோபம் இருந்தது. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற பாதையில் உள்ள ஒரு சின்ன ஊரின் துவக்கப் பள்ளிக்கு நான் தலைமை ஆசிரியை. தலைமை ஆசிரியைக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? ஒரு மணி, ஒரு பிரம்பு, ஒரு பீரோ. சுவரில் தலைவரின் பெரிய படம், கண்ணாடி போட்டு, கும்பிட்ட கையோடு. வசந்தாவின் நிச்சயம் முறிந்த வாரம், சுண்ணாம்பு அடிக்கிற சாக்கில் அந்தப் படத்தைக் கழற்றினேன். பீரோவுக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்க்க, சாத்தி வைத்தேன்.

திரும்ப மாட்டவில்லை. ஒருமுறை இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் கேட்டார். "ஆணி கழண்டுடுச்சு சார்" என்றேன். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்துகிற வாய்!

இவ்வளவும் முன்கதை.

அன்று காலை பள்ளிக்குப் போய், பூட்டைத் திறக்காமலே, வந்திருந்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன். வாசலில் எஸ்தர் நின்றிருந்தாள். காலனியில் இருப்பவள். நடவு, களையெடுப்பு, கதிர் அறுப்பு... இந்த ஊர் வயல்களில் அவள் கால் படாத சேறு கிடையாது. கையில் அரளிப்பூ மாலை. கடையெல்லாம் மூடிவிட்டதால் அவர்களே கட்டியது.

"டீச்சரம்மா, தலிவரு படம் உங்க இஸ்கோல்லதான் பெருசா கீது. குட்தீங்கன்னா ஊர்வலம் முட்சிட்டு பத்ரமா கொண்டாந்து குட்த்துர்றோம்."

முகம் வீங்கியிருந்தது. புருஷன் போனபோதுகூட அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"சாவி வூட்ல இருக்கு எஸ்தர். கொஞ்ச நேரம் கழிச்சு வா" என்றேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

அவள் போனதும் பூட்டைத் திறந்து உள்ளே ஓடி பீரோவை நகர்த்தினேன். படத்தை இழுத்தால், மண் உதிர்ந்தது. கரையான். அடியிலிருந்து ஏறி, கும்பிட்ட கையைத் தின்று, மார்பைத் தின்று, வாய் வரைக்கும் வந்திருந்தது. ஒரு கண்ணும் நெற்றியும்தான் மிச்சம்.

அந்த ஒரு கண் என்னைப் பார்த்தது. வெறுத்தவர்தான். ஆனாலும் புடவைத் தலைப்பால் அந்த நெற்றியில் இருந்த மண்ணைத் துடைத்துவிட்டேன்.

சாக்குப் பையில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஆபீஸ் லீவு. வீட்டுக்காரர் ஈஸி சேரில் இருந்தார். காட்டினேன். முதலில் சிரித்தார்.

"ஜனத்துக்கு இல்லாத புத்தி கரையானுக்கு இருந்துக்குது பாரு!"

"சிரிக்காதீங்க. ஊர்வலத்துக்குப் படம் வேணும்னு எஸ்தர் வந்து நிப்பா. நான் இன்னா சொல்றது?"

"இல்லேன்னு சொல்லு."

"அழுது அழுது அவளுக்குக் குரலே எழும்பலை."

சிரிப்பு நின்றது. அவர் எழுந்து உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. ஸ்டிரைக் சமயத்துப் பேப்பர்களை ஒன்று விடாமல் கட்டி வைத்திருக்கிறார் மனுஷன். இன்றைக்கும் தொட விடமாட்டார். கட்டைப் பிரித்துத் தேடி, ஒரு தாளை உருவினார். ஆட்சியின் ஆண்டு விழாவுக்குப் போட்ட முழுப்பக்கப் படம். தலைவர் சிரிக்கிறார்.

திருப்பினார். பின்பக்கத்தில் வேலைநீக்கச் செய்தி. அந்தப் பக்கத்துக்காகத்தான் அந்தத் தாளை இத்தனை வருஷம் வைத்திருந்தார்.

"மைதா மாவு கீதா?" என்றார்.

பசை காய்ச்சிக் கொடுத்தேன். அட்டை ஒன்றைச் சட்டத்துக்கு அளவாக வெட்டினார். செய்தியை ஒருமுறை முழுக்கப் படித்தார். பிறகு அதன் மேலேயே பசையைத் தடவி, அட்டையில் ஒட்டி, கையால் நீவி விட்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

எஸ்தர் மறுபடி பள்ளிக்கு வந்தபோது படத்தைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள்.

"இது வேற படமாச்சே டீச்சரம்மா. அது கும்பிட்டுக்கினு இருக்கும்."

எத்தனை தரம் பார்த்திருப்பாள்? அவள் பிள்ளை இங்கே படித்த காலத்தில், விட வந்தபோதெல்லாம் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள் போல.

"அது... கரையான் அரிச்சிடுச்சு எஸ்தர்."

"சொவத்துல மாட்டுன படத்தையா?"

ஆணி கதையை இவளிடமும் சொல்லலாம். வாய் வரவில்லை.

"நான்தான் கழட்டி பீரோவுக்குப் பின்னாடி வெச்சிருந்தேன். கோவத்துல."

அவள் என்னையே பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த மன்சன் எங்களுக்குப் பட்டா குட்தாரு டீச்சரம்மா. அதுக்கு முந்தி, நெலத்துக்காரரு மூஞ்சி சுளிச்சா குடிசையப் பிரிச்சிக்கினு போவணும். எங்கம்மா மூணு தபா பிரிச்சிக் கட்டுச்சி. எம் பேர்ல காயிதம் வந்தன்னிக்கு நானு தூங்கவே இல்ல."

படத்தின் சட்டத்தைத் தடவிக்கொண்டே மறுபடி சொன்னாள்.

"உங்க நாத்னாரு கண்ணாலம் நின்னு போனது எனக்கும் தெரியும். உங்க வூட்டுக்கு அவரு பண்ணது தப்புதான். நானு இல்லேன்னு சொல்லல. ஆனா இன்னிக்கு அத்தப் பேச வாணாம். எங்களுக்கு எயவு வூடு."

மாலையைப் படத்துக்குப் போட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். நான் வாசலிலேயே நின்றேன். காலையில் போட்ட சர்க்கரை இப்போதுதான் தொண்டையில் கசந்தது.

சாயங்காலம் ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வந்தது. கோஷம் கிடையாது. எல்லார் கையிலும் கறுப்புத் துணி. முன்னால் எஸ்தர், படத்தோடு. தெருவில் பாதி வீடுகள் கதவைச் சாத்தியிருந்தன. பட்டாவுக்காக நிலத்தை விட்டுக் கொடுக்க வேண்டி வந்த வீடுகள் அவை. அவர்களுக்கும் அவரவர் கணக்கு.

என் வீட்டுக்காரர் பனியனோடு வெளியே வந்தார். பார்த்தார். திரும்ப உள்ளே போனார். சரி, இவரும் கதவைச் சாத்தப் போகிறார் என்று நினைத்தேன். சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கழுத்து வரைக்கும் பட்டன். செருப்பை உதறிவிட்டு வாசலில் இறங்கி, தெருவோரமாக நின்றார். படம் கடந்து போகிற வரைக்கும் அசையவில்லை. எஸ்தர் இவரைப் பார்த்தாள். தலையை லேசாக ஆட்டிவிட்டுப் போனாள்.

ஊர்வலம் தெருமுனை திரும்பியதும் கேட்டேன்.

"நின்னதுதான் நின்னீங்க, ஒரு கும்பிடு போட்டிருக்கலாமே?"

"அந்தாளுக்கா? சத்தியமா மாட்டேன்."

"பின்ன ஏன் சட்டை மாட்டிக்கினு வந்து நின்னீங்க?"

"அத்தினி ஜனம் அழுதுக்கினு போவுது. உள்ள உக்காந்து கேட்டுக்கினு இருக்கச் சொல்றியா?"

அவ்வளவுதான் பதில். எனக்குப் போதுமானதாக இருந்தது.

யோசித்துப் பார்க்கிறேன். ஒருவர் செத்தவுடன் நாம் இரண்டு காரியம்தான் செய்கிறோம். ஒன்று, நேற்று வரை திட்டியவரை இன்று மகானாக்கி மேடை போடுகிறோம். இல்லையென்றால், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சிரிக்கிறோம். இரண்டுமே சுலபம். சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் நிற்பதுதான் சிரமம். பொய்யாக ஒரு கும்பிடு போடாமல், மெய்யாக அழுகிறவர்களை அவமதிக்காமல்.

வசந்தாவிடம் இதையெல்லாம் சொன்னேனா? சொன்னேன். கேட்டுவிட்டு, "அண்ணன் நின்னது சரிதான் அண்ணி" என்றாள். அப்புறம், "நானா இருந்தா நின்னுருக்க மாட்டேன்" என்றாள். அதையும் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்திரமாகத் திருப்பித் தருவதாகச் சொன்ன படத்தை எஸ்தர் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

கட்சிக்காரர்கள் ஊர்க்கோடியில் பதினாறாம் நாள் காரியம் வைத்தார்கள். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் அந்தத் தலைவரைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. பேப்பரில் ஆறு பக்கம் புகழ்ந்து வந்த நாளிலும் இவர் மூச்சு விடவில்லை.

பதினேழாம் நாள் காலை, முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "அந்தாளு இருந்தானே..." என்று பழையபடி திட்ட ஆரம்பித்தார்.

அப்பாடா!